ட்ரோலிங் மோட்டார் ஒயரிங்: வோல்ட் எங்கே போகிறது?

படகு 14 அடி ஃபைபர். மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் மின்சார ட்ரோலிங் மோட்டார் 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை, முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டார் உட்காருவது முன்முனையில், அதாவது அணியத்தில். அதற்கான 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருந்ததோ பின்பக்கம், அவுட்போர்டை, அதாவது பின்பக்க எஞ்சினை, ஸ்டார்ட் செய்யும் பேட்டரிக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே பழைய 6 சதுர மி.மீ. ஒயர் ஏற்கெனவே ஓடியிருந்தது. அதை மாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் பிடுங்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள ஆசை.

படகைக் கரையில் கட்டிப்போட்டு, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, வேகத்தை முழுக்கத் திருகினேன். டிசி, அதாவது பேட்டரி தரும் நேர் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) 44 ஆம்பியர். (வீட்டு மின்சாரமான ஏசியை மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது.) பேட்டரி முனையில் 12.1 வோல்ட், மோட்டார் முனையில் 10.6. நடுவில் ஒன்றரை வோல்ட் காணோம்.

கணக்குப் போட்டால் ஒயர் மட்டும் அவ்வளவு தின்ன முடியாது. 6 சதுர மி.மீ. செம்புக்கு மீட்டர் நீளத்துக்கு சுமார் 3 மில்லி ஓம் மின்தடை. பேட்டரியிலிருந்து அணியம் வரை 4 மீட்டர். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், ஆக 8 மீட்டர். 24 மில்லி ஓமை 44 ஆம்பியரால் பெருக்கினால் ஒரு வோல்ட்தான் வருகிறது. மீதி அரை வோல்ட்?

இதைத் தேட சுலபமான வழி ஒன்று உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை இணைப்புக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். பழைய ஃபியூஸ் ஹோல்டரில் 0.35 வோல்ட் காட்டியது. 44 ஆம்பியரில் அது 15 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள். திறந்தால் உள்ளே ஒரு ஓரம் பழுப்பேறி உருகியிருந்தது. ஃபியூஸ் மட்டும் நன்றாகவே இருந்தது! மோசமான இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. அதனால் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. பாக்கி இழப்பு பேட்டரி முனையின் இறக்கை நட்டில். விரலால் முறுக்கும் அந்த நட்டை 50 ஆம்பியர் வேலைக்கு நம்பக்கூடாது.

சரி, புது ஒயர். ஒயரில் ஆகும் மின்னழுத்த இழப்பை 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் வைப்பது என் இலக்கு. அதே 8 மீட்டருக்கு 16 சதுர மி.மீ. போட்டாலும் 50 ஆம்பியரில் 0.44 வோல்ட் போகும். 25 போட்டால் இலக்குக்குள் வரும், ஆனால் அந்தத் தடிமனை வளைத்து ஓரத்து இடுக்கில் நுழைப்பதற்குள் உயிர் போய்விடும். பேட்டரியை நடு இருக்கைக்கு அடியில் நகர்த்தினேன். ஒரு வழி இரண்டரை மீட்டர்தான் ஆனது, 16 சதுர மி.மீ. தாராளமாகப் போதும். கிட்டத்தட்ட 30 கிலோ எடை பின்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்ததில் படகும் சமமாக மிதக்கிறது. ஒயரைத் தடிமனாக்குவதற்கு முன் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே மேல்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பு இழை. உப்புத் தண்ணீர் பக்கம் போகிற படகில் பூசாத செம்பு உறைக்குள்ளேயே கறுத்துவிடும். லக்குகளை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்) அறுகோண அச்சு வைத்த கிரிம்பிங் கருவியால் அழுத்தி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்து, பிறகு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டேன். சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் உள்ளே போகும். சால்டரிங் பக்கம் மட்டும் போகவில்லை. உருகிய சால்டர் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிட்டால், படகின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒயர் முறியும்.

பழைய ஃபியூஸ் இடத்துக்கு 60 ஆம்பியர் டிசி பிரேக்கர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பிரேக்கர் காப்பாற்றுவது முதலில் ஒயரைத்தான். பிரேக்கருக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் ஒயர் துண்டு எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (சுவிட்ச் போர்டில் இருக்கும் பிரேக்கர்) இங்கே மாட்டக்கூடாது. ஏசியில் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் சுழியைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்பு கிடைக்கும். டிசியில் அது இல்லை.

அணியத்தில் 50 ஆம்பியர் இரட்டைப் பிளக். மாற்றிச் செருக முடியாத வடிவம். ஆனாலும் முதல் தடவை பிளக்கைச் செருகும் முன் எது பாசிட்டிவ் என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அதே இடம், அதே சோதனை. 48 ஆம்பியர், பேட்டரியில் 12.0, மோட்டாரில் 11.6. முன்பு மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 466 வாட், இப்போது 557. அதே மோட்டார், அதே பேட்டரி! முழு வேகத்தில் பேட்டரி முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம் காலியாகும் என்பதும் உண்மைதான். ஆனால் மீன் பிடிக்கும்போது பாதி வேகத்துக்கு மேல் யார் திருகுகிறார்கள்?

அப்புறம் மீன் தேடும் கருவி. மோட்டார் ஓடும்போதெல்லாம் திரையில் கோடு கோடாக இரைச்சல் வந்தது. அதற்குத் தனி ஒயரும் தனி ஃபியூஸும் போட்டு அவுட்போர்டு பேட்டரியில் கொடுத்து, மோட்டார் ஒயருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன, வேகத்தைத் திருகும் நொடியில் மட்டும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கின்றன.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறலாம் என்ற எண்ணமும் ஓடுகிறது. அதே கொள்ளளவு 12 கிலோ அளவில் முடிந்துவிடும். ஆனால் சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், இந்த ஈய பேட்டரி ஓய்கிறவரை அந்தப் பக்கம் போகப் போவதில்லை.