தட்டில் ஒன்றும் தெரியக் கூடாது

அமெரிக்காவில் ஒரு மரபணுச் சிகிச்சை ஆய்வகத்தில் எனக்கு வாய்த்த வேலை, இருக்கக் கூடாத ஒன்றைத் தேடுவது. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயைத் தரும் மலோனி வைரஸ், தன் மரபணுவைச் செல்லின் டிஎன்ஏவுக்குள் நிரந்தரமாகச் செருகிவிடும். எங்களுக்கு வேண்டியதும் அந்தக் கெட்ட புத்திதான். ரத்த மூலச்செல்லில் ஒருமுறை நல்ல மரபணு ஏறிவிட்டால், அதன் வழிவரும் செல்களெல்லாம் அதைச் சுமந்தே பிறக்கும்.

1983-இல் மான், மல்லிகன், பால்டிமோர் மூவரும் இதற்கு வழி செய்தார்கள். 'என்னை உறைக்குள் அடை' என்று சொல்லும் 'சை' பகுதியை வைரஸ் மரபணுவிலிருந்து வெட்டி எறிந்து, மீதியை ஒரு செல்லுக்குள் வைத்தார்கள். அந்தச் செல் வைரஸின் உறையைத் தயாரிக்கும். உள்ளே போவதோ நாம் கொடுக்கும் சரக்கு மட்டும்.

ஆனால் வெட்டிய துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொண்டு முழு வைரஸ் உயிர்த்தெழலாம். 1990-களின் தொடக்கத்தில் அப்படி மாசுபட்ட சரக்கைப் பெற்ற 10 குரங்குகளில் மூன்றுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. அதனால்தான் என் வேலை. மருந்தின் மாதிரியை எலிச் செல்களில் வாரக்கணக்கில் வளர்த்து, அந்தத் திரவத்தைப் பூனைச் செல்கள்மேல் விட வேண்டும். வேண்டுமென்றே வைரஸ் விட்ட ஒப்பீட்டுத் தட்டில் செல்கள் உருண்டு திரண்டு குவியல் குவியலாக நிற்கும். மற்ற தட்டுகள் மழமழவென்று இருக்க வேண்டும். மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் ஒன்றுமில்லாததைப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் கேலி.

பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில், நோய் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த குழந்தைகள் இதே முறையில் தேறினார்கள். பிறகு அவர்களில் நால்வருக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. வைரஸ் உயிர்த்தெழவில்லை. அவர்களில் பெரும்பாலோரிடம் செருகிய துண்டு, புற்றுநோயைத் தூண்டக்கூடிய 'எல்எம்ஓ2' என்ற மரபணுவின் அருகே போய் அமர்ந்து அதை முடுக்கிவிட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் தட்டுகளை உற்றுப் பார்த்த எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. எங்கள் சோதனை கேட்காத கேள்வி அது. அதற்காகச் சோதனையே வீண் என்றவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. குரங்குகளுக்கு நேர்ந்தது வேறு ஆபத்து.

பின்னர் வந்த வெக்டர்களில், அதாவது மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ் வாகனங்களில், பக்கத்து மரபணுவை அப்படி முடுக்கும் பகுதியை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் செருகல் எங்கே விழும் என்பது இன்றும் நம் கையில் இல்லை. எனவே சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பரிந்துரை. பூனைச் செல் தட்டுகளையும் யாரும் நிறுத்தவில்லை.