பதிவுத் திருமணமும் என் திக்கலும்

திக்குகிறவர்கள் மதம் மாறாமலே மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்யப் போகிறீர்கள் என்றால், மணக்கப் போவதாக அலுவலரிடம் கொடுக்கும் நோட்டீஸ், முகவரிச் சான்றை விட ஒரு விஷயத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி, திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, மணமக்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி, கணவராக, மனைவியாக ஏற்பதாக வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் திருமணம் செல்லும். தமிழிலேயே சொல்லலாம். ஆனால் திக்குகிறவர்களுக்குப் பெயர்தான் பெரும்பாடு. வேறு சொல் வராவிட்டால் இன்னொன்றைப் போட்டுச் சமாளிப்போம், பெயரை என்ன செய்வது? நான் மணந்தவர் பெயர் 'ப'வில் தொடங்குகிறது. என் உதடு ஒட்டிக்கொள்ளும் எழுத்து.

30 நாள் நோட்டீஸ் சிக்கலில்லாமல் முடிந்தது. திருமணத்தன்று என் முறை வந்தபோது என் பெயர் வரை வந்துவிட்டது, அவர் பெயரில் நின்றுவிட்டேன். கண் தானாக மூடிக்கொண்டது, கழுத்து இழுத்தது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்து, "பொண்ணுக்கு இஷ்டமில்லையா? மிரட்டிக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று அவரைக் கேட்டார். என்னைக் கேட்கவே இல்லை. திக்கும் என்று அவர் சொன்னதும், "அப்போ டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க" என்று அடுத்த கோப்பை எடுத்துவிட்டார். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. இரு மதத்துக் கல்யாணம், வீட்டார் யாரும் வரவில்லை. சாட்சிக்காக லீவு போட்டு வந்த நண்பர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

அந்த எழுத்தர் சந்தேகப்பட்ட ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரன் பார்த்த காலத்தில் என்னிடம் போனைக் கொடுத்தால், 'ஹலோ' வருவதற்குள் "சிக்னல் இல்லபோல" என்று வைத்துவிடுவார்கள். அம்மா பக்கத்தில் நின்று, "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுடி" என்பாள். இவருக்கு முதல் அழைப்புக்கு முன்பே எழுதி அனுப்பினேன்: 'எனக்குத் திக்கும். சத்தம் வரலைன்னா லைன் கட் ஆகல, சொல்லிட்டிருக்கேன்னு அர்த்தம்.' அவர் வைக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஹோட்டலில் என் சொல்லை அவரே முடித்துவைத்தார். "அப்படிப் பண்ணாதீங்க" என்றேன். அதன்பிறகு பண்ணவே இல்லை. இவர்தான் என்று நான் முடிவுசெய்தது அதைப் பார்த்துத்தான்.

இரண்டாம் முறை பேச்சுப் பயிற்சியாளரின் கடிதத்தோடு, '12-ம் பிரிவில் கால வரம்பு எதுவும் இல்லை, எனக்கு நேரம் கொடுங்கள்' என்று மனு எழுதி அலுவலரிடமே நேராகக் கொடுத்தோம். நீங்கள் முதல் தடவையே இதைச் செய்யுங்கள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் புதிதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் அலைச்சலுக்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருவரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தபோது திக்கலே இல்லை. திக்குகிறவர்கள் பலருக்கும் சேர்ந்து சொன்னால் சொல் தடையில்லாமல் வரும். அங்கே தனியாகச் சொல்ல வேண்டும், அதையும் பழகுங்கள்.

அலுவலர் மனுவைப் படித்துவிட்டு, "நிதானமா சொல்லுங்கம்மா" என்றார். 'ப' உடைந்தது, மறுபடி உடைந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. முழுதாகச் சொன்னேன்.

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு வழி உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7-ஏ பிரிவுப்படி, உற்றார், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும், திருமணம் செல்லும். ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை.