மூக்கில் வழிந்த பால்

சென்ற மார்கழியில், திருமங்கலத்தை அடுத்த எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய் ஆறு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்று மடியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தும் எடை ஏறவில்லை. இரண்டாம் நாள் இரவு அதைக் கையில் எடுத்தபோது, குடித்த பால் மூக்குத் துளைகள் இரண்டிலும் நுரைத்து வந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்வாயின் நடுவில், முன்பக்கம் தொடங்கித் தொண்டை வரையில், தீக்குச்சி அகலத்திற்கு ஒரு பிளவு ஓடியது.

பக்கத்து வீட்டு அத்தை, "சினையா இருக்கையில கிரகணம் பட்டிருக்கும்" என்றார். மனிதப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே காரணத்தை அவர் நாய்க்கும் வைத்துவிட்டார். உண்மையில் நாயின் கருவில் இருபுறமிருந்தும் வளரும் அண்ணத் தகடுகள், அதாவது மேல்வாயின் இரு பாதிகள், சினையான ஏறத்தாழ 25 முதல் 28 நாட்களுக்குள் நடுவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சில நாட்கள் தவறினால் பிளவு அப்படியே தங்கிவிடுகிறது. சினைக் காலத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு, படர்தாமரைக்கான கிரிசியோஃபல்வின் மாத்திரை, அளவு மீறிய வைட்டமின் ஏ ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். எங்கள் நாய்க்கு இவற்றில் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆனால் அதற்கும் அதனோடு சேர்த்த கடுவனுக்கும் தாத்தா ஒரே நாய். வம்சம் கலையக் கூடாது என்ற பெருமையில் அதை அறிந்தே சேர்த்தோம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

கனடாவைச் சேர்ந்த டோலர் இன நாய்களில், ஒரு மரபணுவுக்குள் இடம்மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்ததால் அண்ணப்பிளவு வருவதை 2014-இல் கண்டறிந்தார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொன்றாக அந்த மரபணுவின் பிழையுள்ள பிரதிகள் இரண்டு சேர்ந்தால்தான் அங்கே குறை வெளிப்படும். பெற்றோர் இரண்டுமே பார்வைக்குக் குறையற்றவையாக இருந்துகொண்டே அதைச் சுமக்க முடியும். அத்தகைய ஜோடிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் குறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. குறையின்றிப் பிறந்தவையும் பிழையைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. எங்கள் நாய்களில் நடந்தது இதுதான் என்று என்னால் நிறுவ முடியாது. இருப்பினும் ஒரே தாத்தாவை வைத்துக்கொண்டு வேறு காரணம் தேட மனம் வரவில்லை.

மூன்று நான்கு மாதம் வரை வளர்த்துவிட்டால் அறுவை சிகிச்சையில் பிளவை மூடலாம் என்று மருத்துவர் சொன்னார். மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து மெல்லிய குழாயில் மையால் குறியிட்டு, அந்தக் குறி வரை வாய்வழியே செலுத்தி, வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நேரே வயிற்றுக்கு இறக்கினோம். ஆனால் நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நுரையீரலுக்குள் பால் போயிருந்தது. மூச்சில் கரகரப்பு ஏறிக்கொண்டே போய், பதினோராம் நாள் விடியலில் அது இறந்தது.

கடுவனின் சொந்தக்காரர் ஆறுதல் சொல்ல வந்தவர், "ஆறுல அஞ்சு நல்லாத்தானே இருக்கு தம்பி, அடுத்த பருவத்துல மறுபடி சேத்துருவோம்" என்றார். நான் மறுத்து, பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மீதி ஐந்தையும் வாங்க வந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, இவற்றை இனவிருத்திக்கு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இருவர் அப்படியே திரும்பிப் போனார்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு குட்டியைத் தூக்கி, வாயைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் மேல்வாயைப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமில்லையே அண்ணே" என்று சொல்லிப் பணத்தை எண்ணத் தொடங்கினார்.