மினிட்ஸ் புத்தகத்தில ஒரு பூட்டு

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு ஸ்டோர்ஸ்ல கிளார்க்கா இருந்தப்போ யூனியன் கிளைக்கு செக்ரட்டரியும் நான்தான், வேற யாரும் ஏத்துக்கலன்னு என் தலையில கட்டினது. மூணு மாச ஓவர்டைம் காசு வரல, பேசிப்பேசி அலுத்துப்போய் திங்கக்கிழமை ஸ்ட்ரைக்னு முடிவு. அப்ப டிரைவர் பொடியன் ஒருத்தன் புறக்கோட்டைக்குப் போய் கைப்பிடி அளவு பித்தளைப் பூட்டும் சங்கிலியும் வாங்கிட்டு வந்து மேசையில வெச்சான், "கேட்டைப் பூட்டிட்டா ஒரு லொறியும் போகாது அண்ணே". எல்லாரும் கை தட்டினாங்க, நானும்தான். 'கேட்டைப் பூட்டுவது, ஏகமனதாக' ன்னு கூட்டக் குறிப்பு எழுதுற மினிட்ஸ்லயும் எழுதிட்டேன்.

பின்னேரம் புதுக்கடையில லோயர் ஐயாகிட்ட போனோம். மனுஷன் அந்த வரியைப் படிச்சிட்டு கண்ணாடியைக் கழட்டினார். 1935ஆம் வருஷ தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 26ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார், பதிவு செஞ்ச சங்கம் தொழில் பிணக்குக்காக ஆளுங்களை வேலையை விடச் சொன்னாலும் முதலாளி யாவாரம் கெட்டாலும் அந்தக் காரணத்துக்கு மட்டும் சிவில் கோர்ட்ல வழக்குப் போட ஏலாது. அந்த 'மட்டும்' கீழ பேனையால ரெண்டு கோடு போட்டார். வேலைக்கு வராம இருங்க, கேட்டுக்கு வெளிய நின்னு கத்துங்க, ஆனா அடுத்தவனைப் போக விடாம மறிச்சா அது தண்டனைச் சட்டக்கோவைக் குற்றம், கூடிப் பேசி செஞ்சதால சதியும் சேரும், "பூட்டினவன் மட்டுமில்ல தம்பி, இதை எழுதின நீங்களும்தான்".

சதின்னா எனக்கு சகுனி ஞாபகம்தான் வரும், என் கையெழுத்துல இருக்கும்னு நெனைக்கல. தாளைக் கிழிச்சிடவான்னு கேட்டேன், ஏசினார். திரும்பக் கூடி வாபஸ்னு எழுதச் சொன்னார்.

எங்க கமிட்டியில ஒரு பெரியவர், 1980 ஜூலை ஸ்ட்ரைக்ல அரசாங்க வேலை போனவர். அப்ப நாப்பதாயிரம் பேருக்கு மேல வேலை போச்சு. அவர் எந்தக் கேட்டையும் பூட்டல, அரசாங்கம் அத்தியாவசிய சேவைன்னு அறிவிச்சப்புறம் வேலைக்குப் போகல, அவ்வளவுதான். வாபஸ் எழுதுறப்போ அவர்தான் பக்கத்துல நின்னார், ஒண்ணும் பேசல. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துது, தனியார் ஸ்டோர்ஸ்ல வீட்டுல இருந்த எங்களுக்குப் பாதுகாப்பு, துறைமுகத்துக்காரனுக்கு அந்தப் பாதுகாப்பு போக, அத்தியாவசிய சேவைன்னு ஒரு வர்த்தமானி, அரசாங்க கெஸட் அறிவிப்பு, போதும்.

ஸ்ட்ரைக் நடந்துச்சு, கூலிக்கு டிரைவர் பிடிச்சு லொறியும் எங்க கண்ணு முன்னாலயே போச்சு. நாலாம் நாள் நாரஹேன்பிட்ட லேபர் ஒபிஸ்ல பேசி ரெண்டு மாசக் காசு வந்தது. பூட்டுக் காசை அந்தப் பொடியன் இன்னும் என்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கான்.