காலேஜ் பாக்கப் போறீங்களா, வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு போங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து எங்க காவேரிப்பட்டணம் பக்கம் எந்த வீட்டுக்கு போனாலும் ஒரே பேச்சுதான், கட்ஆஃப் எவ்ளோ, என்ன பிராஞ்ச், எந்த காலேஜ். மேத்ஸ் நூறுக்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் அம்பது அம்பதுக்கு, மொத்தம் 200க்கு கணக்கு போட்டு வச்சுக்கிட்டு, போன வருஷ லிஸ்ட்ட போன்ல பாத்துக்கிட்டே இது கிடைக்கும் அது கிடைக்காதுன்னு ராத்திரி வரைக்கும் பேசறாங்க. சரி அந்த காலேஜ நேர்ல போய் பாத்தீங்களான்னு கேட்டா முக்காவாசி பேரு இல்லன்னுதான் சொல்றாங்க. சந்தைல மாடு வாங்கப் போனாக்கூட பல்லப் பிடிச்சு பாத்துட்டுதான் விலை பேசறோம், நாலு வருஷம் புள்ளய விடப்போற இடத்த பாக்காம எப்படிங்க பேரு எழுதிக் குடுக்கறது?

இந்த வருஷம் எங்க அக்கா பொண்ணு இன்ஜினியரிங் போறா. அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துல படிச்சவ, எங்க வீட்டுல முதல் பட்டதாரி ஆகப்போறவ. நான் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில இருக்கேன், டிப்ளமோ முடிச்சிட்டு வந்தவன், அதனால தாய்மாமன்ங்கற முறைல காலேஜ் பாக்கற பொறுப்பு என் தலைல வந்துச்சு. அதுல பாத்தத எல்லாம் இங்க எழுதறேன், ஏன்னா இப்போ சாய்ஸ் ஃபில்லிங் நேரம், அதான் அரசு கவுன்சிலிங்ல எந்த காலேஜ், எந்த பிராஞ்ச் வேணும்னு வரிசையா எழுதிக் குடுக்கற நேரம், யாருக்காச்சும் உதவும்.

முதல்ல மே மாசத்துலயே ஒரு தனியார் காலேஜ்ல இருந்து போன் மேல போன். எங்க நம்பர் அவங்களுக்கு எப்படி போச்சுன்னே தெரியல. வேன் அனுப்பறோம், குடும்பத்தோட வந்து பாருங்க, மதிய சாப்பாடு எங்களுதுன்னாங்க. போனோம். ஏசி ரூம்ல உக்கார வச்சு வீடியோ போட்டாங்க, பிரியாணி குடுத்தாங்க, கோட்டு போட்ட ஒரு சார் ரொம்ப மரியாதையா பேசினாரு. எங்க மாமாவுக்கு, அதான் அக்கா வீட்டுக்காரருக்கு, ரொம்ப பிடிச்சு போச்சு, கட்டடத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாரு. எங்க ஆயா, அதான் பாட்டி, மட்டும் மெதுவா என் கைய பிடிச்சு, "ஏன்டா, இம்மாம் பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளயக்கூட காணமே"ன்னு கேட்டுச்சு. அதுதான் சரியான கேள்வி. லீவு விட்டு புள்ளைங்க எல்லாம் ஊருக்கு போயிட்டிருக்கற நேரத்துல காட்டினா எந்த காலேஜும் அழகாத்தான் இருக்கும். கடைசில இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் கட்டுங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுத்துட்டு போங்க, சீட்டு உறுதின்னு சொன்னாங்க. மாமா பாக்கெட்டுக்கு கைய விட்டுட்டாரு, நான்தான் வீட்டுல கலந்து பேசிட்டு சொல்றோம்னு எழுப்பி கூட்டிட்டு வந்தேன்.

இத கண்டிப்பா தெரிஞ்சுக்கோங்க. முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ்ல 25,000 ரூபாய் சலுகை இருக்கே, அது கவுன்சிலிங் வழியா போனாத்தான். அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு 2021ல கொண்டு வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான், அதுல சீட்டு கிடைச்சா ஃபீஸும் ஹாஸ்டலும் அரசாங்கமே கட்டிடும். மே மாசத்துலயே மேனேஜ்மென்ட் சீட்டுன்னு அட்வான்ஸ் கட்டிட்டு போற குடும்பங்க இது ரெண்டையும் விட்டுடறாங்க, அதுவும் இதெல்லாம் வாங்க வேண்டிய குடும்பங்கதான் விடறாங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஒரிஜினல சரிபாத்துட்டு திருப்பி குடுத்துடணும், காலேஜ் வச்சுக்கக் கூடாதுங்கறது விதி. குடுக்காதீங்க.

அப்புறம் சீனியர் புள்ளைங்களுக்கு காலேஜ் திறக்கற வரைக்கும் காத்திருந்து, வேலை நாளா பாத்து, யாருக்கும் சொல்லாம நாங்களே பஸ் ஏறி போனோம். பெங்களூரா மாங்கா அறுப்பு நேரம், மாமா தோட்டத்துக்கு ஆள் விட்டுட்டுத்தான் வந்தாரு. சொந்தக்காரங்க எல்லாம் "ஒரு காலேஜ் பாக்க ஊரே போகணுமா, பொண்ணும் அப்பனும் போனா பத்தாதா"ன்னு கேட்டாங்க. பத்தாதுங்க. ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் வேற வேற படுது, அது அங்க போனாத்தான் தெரியுது.

அக்கா உள்ள போனதும் முதல்ல தேடினது தண்ணி. எங்க ஜில்லா ஆளுங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல, தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் போர்வெல் தண்ணில ஃபுளோரைடு, பல்லு கறை பிடிச்சு, வயசானா முட்டி மடக்க முடியாம எத்தன பேர பாத்திருக்கோம், அதுக்காகத்தான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல திறந்தாங்க. ஃபுளோரைடு வாயில வச்சு பாத்தா தெரியாது. அதனால அக்கா என்ன பண்ணுச்சுன்னா லேடீஸ் ஹாஸ்டல் சாப்பாட்டு ரூம்ல இருக்கற ஆர்ஓ மிஷின் பக்கத்துல போய், சர்வீஸ் பண்ணா ஒட்டிட்டு போவாங்களே ஸ்டிக்கர், ஃபில்டர் மாத்தின தேதி எழுதி, அத குனிஞ்சு படிச்சு பாத்துச்சு. ஒரு காலேஜ்ல அந்த தேதி ஒரு வருஷத்துக்கு மேல பழசு, பேனா மை கூட வெளுத்து போயிருந்துச்சு. அந்த காலேஜோட வெப்சைட்ல ஹாஸ்டல் போட்டோ பாத்தா ஓட்டல் மாதிரி இருக்கும். அக்கா வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல, வெளிய வந்து "இது வேணாம்"னு ஒரே வார்த்தை.

ஆயாவுக்கு நடக்க முடியாது, எங்க போனாலும் மரத்தடில உக்காந்துக்கும். அங்க கூட்டிப் பெருக்கற அம்மாங்க, மெஸ்ல வேலை செய்யற அம்மாங்க எல்லாம் டீ குடிக்க வருவாங்க, ஆயா வெத்தலை பைய திறந்தா போதும், பேச்சு ஆரம்பிச்சுடும். நாங்க ஆபீஸ்ல உக்காந்து கேட்டதெல்லாம் விட ஆயா அங்க உக்காந்து தெரிஞ்சுக்கிட்டதுதான் அதிகம். ஒரு ரூம்ல எத்தன புள்ளைங்க, ராத்திரி ஒடம்பு சரியில்லன்னா யாரு கூட்டிட்டு போவாங்க, வண்டி இருக்கா, வார்டன் உள்ளயே தங்கறாங்களா இல்ல சாயங்காலம் வீட்டுக்கு போயிடறாங்களா, போன வருஷம் பாதில நின்னு போன புள்ளைங்க யாராச்சும் உண்டா, எதுக்கு நின்னாங்க. இதெல்லாம் எந்த சாரும் நமக்கு சொல்ல மாட்டாரு.

மாமா பாத்தது பஸ்ஸு. வெட்டி விஷயம்னு நெனைக்காதீங்க. சாயங்காலம் காலேஜ் விடற நேரத்துக்கு ரோட்டுல போய் நின்னு எந்த பஸ் நிக்குது, எது நிக்காம போகுதுன்னு பாத்தாரு, கண்டக்டர்கிட்ட கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டாரு. கேட் வரைக்கும் டவுன் பஸ் வந்தா பொம்பள புள்ளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட்டே கிடையாது, வரலன்னா காலேஜ் பஸ்ஸுதான், அதுக்கு வருஷத்துக்கு தனியா ஒரு தொகை. டியூஷன் ஃபீஸ் அரசு சொன்னதுதான் வாங்கறோம்னு சொல்ற இடத்துலயும் பஸ், ஹாஸ்டல், ட்ரெய்னிங் ஃபீஸ், டெவலப்மென்ட் ஃபீஸ்னு கீழ கீழ வந்துக்கிட்டே இருக்கும், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. எழுதித் தர மாட்டோம்னா அதுவே பதில்.

நான் கேட்டது வேலை விஷயம். கேட்டுல பெரிய ஃபிளெக்ஸ்ல இத்தன லட்சம் பேக்கேஜ்னு ஒரு புள்ள போட்டோ இருக்கும், அது அந்த ஒரு புள்ளக்கு. ஒரே பையனுக்கு மூணு கம்பெனி ஆஃபர் வந்தா மூணுன்னு எண்ணிக்குவாங்க. எங்க ஓசூர் பக்கம் கம்பெனிங்க ஒரு வருஷ அப்ரண்டிஸா எடுத்து ஸ்டைபண்ட் குடுத்துட்டு வருஷம் முடிஞ்சதும் அனுப்பிடும், அதையும் பிளேஸ்மென்ட் கணக்குல சேக்கறவங்க இருக்காங்க. அதனால நான் கேட்டது ஒண்ணுதான், இந்த பிராஞ்ச்ல போன வருஷம் எத்தன பேரு முடிச்சாங்க, அதுல எத்தன பேரு இப்போ வேலைல இருக்காங்க. நேரா பதில் சொன்ன இடமும் உண்டு, பேச்ச மாத்தின இடமும் உண்டு.

பாப்பாதான், அதான் அக்கா பொண்ணு, எல்லாரையும் விட நல்லா பாத்தா. அவளுக்கு இசிஇ, அதான் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிராஞ்ச் வேணும். லேபுக்கு போனதும் சிஆர்ஓ மிஷின், மின் சிக்னல ஸ்க்ரீன்ல அலையா காட்டுமே, அது மேல பிளாஸ்டிக் கவர் மூடி இருந்துச்சு, கவர் மேல விரல வச்சா அச்சு விழற அளவுக்கு தூசி. ஒண்ணும் சொல்லாம விரல துப்பட்டால தொடச்சிக்கிட்டா. அப்புறம் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல டைம் டேபிள் ஒட்டியிருந்தாங்க, அதுல இருக்கற சார் பேரு மேடம் பேரெல்லாம் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு, வெப்சைட்ல மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்னு, காலேஜ் கட்டாயம் வெளியிட வேண்டிய விவரம் உள்ள ஒரு பக்கம் இருக்குமே, அதுல ஆசிரியர் லிஸ்ட்டோட ஒப்பிட்டு பாத்தா. வெப்சைட்ல இருக்கற பாதி பேரு டைம் டேபிள்ல இல்ல. 2024ல ஊழலுக்கு எதிரா வேலை செய்யற அறப்போர் இயக்கம் வெளிய கொண்டு வந்தாங்களே, ஒரே ஆசிரியர் ஒரே வருஷத்துல பல காலேஜ்ல முழுநேரமா வேலை பாக்கற மாதிரி கணக்கு காட்டியிருந்தத, அத பேப்பர்ல படிச்சதுல இருந்து அவளுக்கு இது மனசுல இருந்திருக்கு. பதினேழு வயசு புள்ள, எனக்கு தோணாதது அவளுக்கு தோணுச்சு. என்பிஏங்கற தரச் சான்று விஷயமும் அவதான் சொன்னா, அது காலேஜுக்கு மொத்தமா குடுக்கறது இல்ல, பிராஞ்ச் பிராஞ்சா குடுக்கறது, அதுக்கு கெடுவும் உண்டு, அதனால கேட்டுல போர்டு இருந்தா பத்தாது நம்ம பிராஞ்சுக்கு இப்போ இருக்கான்னு பாக்கணும்னு.

எல்லாம் பாத்துட்டு வந்து ராத்திரி வீட்டுல பேசினா ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மாமாவுக்கு தினம் போயிட்டு வர்ற மாதிரி பக்கத்துல இருக்கணும். அக்காவுக்கு பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜ், 1994ல ஆரம்பிச்சது, எங்க ஊரு பொண்ணுங்க அங்க படிச்சு நல்லா வந்திருக்காங்க, ஹாஸ்டல்ல விட பயமில்லன்னு சொல்லுச்சு. பாப்பாவுக்கு சேலம் கருப்பூர்ல இருக்கற அரசு காலேஜ்தான் ஆசை, அது 1966ல இருந்து இருக்கற பழைய காலேஜ், ஆனா கட்ஆஃப் அதிகம். கிடைக்காத இடத்த எதுக்கு எழுதறன்னு மாமா கேட்டாரு. எழுதறதுல நஷ்டமே இல்ல மாமா, லிஸ்ட்ல மேல இருந்து கீழ வரைக்கும் பாத்து நம்ம ரேங்குக்கு எது முதல்ல கிடைக்குதோ அதத்தான் குடுப்பாங்க, ஆசப்பட்டத மேல போடணும், கிடைக்கறத கீழ போடணும்னு நான் பேப்பர்ல எழுதி காமிச்சேன். பக்கத்துல இருக்கற சுமாரானத மேல போட்டுட்டா அதுவே கிடைச்சிடும், அதுக்கு கீழ இருக்கற நல்ல காலேஜ கம்ப்யூட்டர் திரும்பிக்கூட பாக்காது.

கடைசில சேலம் மேல, அடுத்து பர்கூர், அதுக்கு அடுத்து 2013ல திறந்த தருமபுரி செட்டிக்கரை அரசு காலேஜ், மூணுலயும் இசிஇ. அதுக்கு கீழ அக்காவும் ஆயாவும் சரின்னு சொன்ன தனியார் காலேஜுங்க மட்டும். ஸ்டிக்கர் பழசா இருந்த காலேஜும் தூசி லேபும் லிஸ்ட்லயே இல்ல. மாமாவும் ஒத்துக்கிட்டாரு, அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ கணக்குக்கே வரும், கைச்செலவுக்கு யாரையும் கேக்க வேண்டாம்னு சொன்னதும் அவருக்கு கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

எங்க ரவுண்டுக்கு இன்னும் நாள் இருக்கு. கருப்பூர் லேடீஸ் ஹாஸ்டல்ல இப்போ இருக்கறவங்க, இல்ல சமீபத்துல முடிச்சவங்க யாராச்சும் படிச்சா தண்ணி, மெஸ், ராத்திரி நேரத்துல ஆஸ்பத்திரி வசதி இதப்பத்தி கீழ எழுதுங்க, அக்காவுக்கு படிச்சு காட்டணும். நீங்க எந்த காலேஜாச்சும் பாத்துட்டு வந்திருந்தா அதையும் எழுதுங்க, குறிப்பா வீட்டு பொம்பளைங்க என்ன சொன்னாங்கன்னு.