சுவீடன் அடுப்படி நாட்குறிப்பு, 2024

பிப்ரவரி 13, செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம் நாளை தொடங்குகிறது. அதற்கு முந்தைய செவ்வாய் செம்லா பன்னுக்கு உரிய நாள். ஜனவரியிலேயே பேக்கரிகளில் வந்துவிடும் என்றாலும் வீட்டில் சுடும்போது எழும் ஏலக்காய் மணத்துக்கு ஈடில்லை. ஏலக்காய்த் தூள் வேண்டாம். விதையை அப்போதைக்கப்போது கொரகொரப்பாக இடித்துப் போட வேண்டும்.

12 பன்னுக்கு 75 கிராம் வெண்ணெயை உருக்கி, இரண்டரை டெசிலிட்டர் (250 மில்லி) பால் சேர்த்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதில் 25 கிராம் ஈரமான ஈஸ்ட்டைக் கரையுங்கள். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு எழும்பாது. முக்கால் டெசிலிட்டர் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, 2 தேக்கரண்டி ஏலக்காய், 7 டெசிலிட்டர் மைதா சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டத்தான் வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவினால் பன் வறண்டுபோகும். புதிதாகச் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, உருட்டி, மறுபடி முக்கால் மணி நேரம் எழும்பவிட்டு, 225 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் சுட வேண்டும்.

நன்றாக ஆறியபின் தலையை வெட்டி, உள்ளிருப்பதைச் சுரண்டியெடுத்து, துருவிய 200 கிராம் பாதாம் விழுதோடும் (பாதாமும் சர்க்கரையும் அரைத்த கெட்டிக் கட்டி) கொஞ்சம் பாலோடும் பிசைந்து திரும்ப நிரப்புங்கள். மேலே அடித்த கிரீம். சூடான பன்னில் கிரீம் உருகி வழிந்துவிடும்.

இங்குள்ள சமையல் குறிப்புகளில் மாவும் சர்க்கரையும் எடையில் வராது, டெசிலிட்டரில்தான் வரும். ஒரு டெசிலிட்டர் 100 மில்லி. மைதாவானால் ஏறக்குறைய 60 கிராம். 100, 15, 5, 1 மில்லி என்று நான்கு அளவுக் கரண்டிகள் சேர்ந்த கொத்து கடைகளில் கிடைக்கும். முதலில் வாங்க வேண்டிய பாத்திரம் அதுதான்.

ஜூன் 18, செவ்வாய்

மிட்சம்மர் என்ற கோடைத் திருவிழா இந்த வெள்ளிக்கிழமை. ஹெர்ரிங் மீன் ஊறுகாயை இன்றே போட்டாக வேண்டும். இரண்டு நாளாவது ஊறாத மீனில் புளிப்பும் இனிப்பும் இறங்காது. கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: 1 டெசிலிட்டர் வினிகர், 2 டெசிலிட்டர் சர்க்கரை, 3 டெசிலிட்டர் தண்ணீர். அந்த வினிகர் 12 சதவீத அமிலம் உள்ள 'எட்டிக்கா'. அதே அலமாரியில் 24 சதவீதப் புட்டியும் நிற்கும், பார்த்து எடுங்கள். கரைசலை ஒரு கொதி விட்டு, முற்றிலும் ஆறவைத்து, உப்பு போக ஊறவைத்த மீன் துண்டுகள், சிவப்பு வெங்காயம், கேரட், பத்து ஆல்ஸ்பைஸ் மணிகள், இரண்டு பிரிஞ்சி இலை மேல் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். சூட்டோடு ஊற்றினால் மீன் வெந்து குழைந்துவிடும்.

ஜூன் 21, வெள்ளி

புது உருளைக்கிழங்கைத் தோல் சீவவே கூடாது. தேய்த்துக் கழுவினால் போதும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் டில் கீரைத் தண்டோடு போட்டு, தீயைக் குறைத்து, கால் மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் வெடித்துவிடும். கூடவே ஊறுகாய் மீன், புளித்த கிரீம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். பிறகு முதல் ஸ்ட்ராபெரி. இதைவிட நல்ல கோடைச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 24, சனி

காட்டில் சாந்தரெல் காளான். சுவீடனில் பிறர் காட்டிலும் காளானும் பழமும் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. சில இயற்கைக் காப்பகங்களுக்குத் தனி விதி உண்டு, பலகையைப் படியுங்கள். சாந்தரெலின் அடியில் இருப்பவை தண்டோடு இறங்கும் மடிப்புகள், தனித்தனி ஏடுகள் அல்ல. இதே காடுகளில் சிறுநீரகத்தை அழிக்கும் நச்சுக்காளானும் முளைக்கிறது. துளி சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்; தெரிந்தவர் ஒருவரோடு போவதே முறை.

கழுவாமல் தூரிகையால் துடைத்து, எண்ணெய் இல்லாத வாணலியில் போடுங்கள். தண்ணீர் விடும். அது முழுக்க வற்றியபின்தான் வெண்ணெய், கடைசியில் உப்பு. வெண்ணெயை முதலிலேயே போட்டால் காளான் வறுபடாது, தன் நீரிலேயே வேகும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

லிங்கன் என்ற சின்னச் சிவப்புப் புளிப்புக் காட்டுப் பழத்துக்கு அடுப்பே வேண்டாம். அரைக் கிலோவுக்கு 2 டெசிலிட்டர் சர்க்கரை போட்டு, கரையும்வரை அவ்வப்போது கிளறினால் சரி. பழத்தில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் எளிதில் கெடாது. இறைச்சி உருண்டைக்கும் உருளைக்கிழங்கு அடைக்கும் இதுவே தொட்டுக்கொள்ள.

டிசம்பர் 12, வியாழன்

நாளை லூசியா என்ற ஒளித் திருநாள், அதற்குக் குங்குமப்பூ பன். 5 டெசிலிட்டர் பாலுக்கு 1 கிராம் குங்குமப்பூவை ஒரு சர்க்கரைக் கட்டியோடு அரைத்தால் நிறம் முழுதும் இறங்கும். இந்த பன் சீக்கிரம் வறளும், அதனால் மாவில் 250 கிராம் குவார்க் தயிர்க்கட்டி சேர்ப்பார்கள். துணியால் மூடி ஆறவைத்து, மிஞ்சியதை இன்றே உறையவையுங்கள்.

டிசம்பர் 23, திங்கள்

கிறிஸ்துமஸ் மேசைக்கு 'யான்சன்', உருளைக்கிழங்கும் மீனும் கிரீமும் அடுக்கிச் சுடும் பண்டம். ஒரு கிலோ உருளைக்கிழங்கைத் தீக்குச்சிபோல நறுக்கி, கழுவாமல் வையுங்கள். அதன் மாச்சத்துதான் கிரீமைக் கெட்டியாக்கும். இரண்டு வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, 125 கிராம் 'ஆன்ஷோவிஸ்' டின்னோடு அடுக்கடுக்காகப் பரப்புங்கள். டின்னில் இருப்பது இனிப்பும் மசாலாவும் கலந்து ஊறிய ஸ்ப்ராட் மீனாக இருக்க வேண்டும். குளிர்பெட்டி வரிசையில் இருக்கும். இத்தாலிய நெத்தலி டின்னைப் போட்டால் உப்புக் கரிக்கும். டின் சாற்றில் கொஞ்சமும் 3 டெசிலிட்டர் கிரீமும் ஊற்றி, ரொட்டித்தூள் தூவி, 200 டிகிரியில் 50 நிமிடம். கிழங்கு வேகுமுன் மேல்பக்கம் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.