கடைசிக் கதவு

இரவு எட்டே முக்கால். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள், நவம்பர் மழை. வீடு வீடாகக் கதவைத் தட்டும் மார்மன் ஊழியர்கள் இருவர். சின்னவருக்குக் குதிகால் உரிந்திருக்கிறது. "எல்டர், இன்னும் ஒரே ஒரு கதவு" என்கிறார் ஜோடியில் மூத்தவரான சீனியர். ('எல்டர்' என்பது ஆண் ஊழியர்களுக்கான பட்டம்.) தட்டுகிறார்கள். மாடியில் விளக்கு எரிகிறது, ஆனால் யாரும் இறங்கி வரவில்லை. திரும்பி நடக்கும்போது சின்னவர் சொல்கிறார்: "கடைசிக் கதவுக் கதையில எப்பவும் கதவு திறந்துடுது. திறக்காத கதவைப் பத்தி யாருமே சொல்றதில்லையே." "நம்பிக்கையை விடாதீங்க எல்டர்" என்று சீனியர் பதில் சொல்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை.

வீடு வீடாகப் போகும் மார்மன் (பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை) ஊழியத்தோடு பழகிய எவருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. அந்தக் கதையும் தெரிந்ததுதான். நாள் முழுக்க விரட்டப்பட்ட இருவர், களைத்துப்போய், 'இன்னும் ஒன்று' என்று தட்டுகிறார்கள். உள்ளே ஒருவர் அவர்களுக்காகவே காத்திருக்கிறார். சீனியரின் பதிலில் தவறில்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? மறுநாள் யோசித்தால், அது பதிலே இல்லை என்று படுகிறது. சின்னவர் இழந்தது நம்பிக்கையை அல்ல. அவர் ஒரு கணக்கைக் கேட்டார்.

கணக்கு இதுதான். காலை 6.30க்கு எழுந்து, படிப்பு முடித்து, பத்து மணி வாக்கில் வெளியே கிளம்ப வேண்டும். இரவு ஒன்பதுக்குத் திரும்பி, 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். காலையில் தட்டினால் ஓய்வு பெற்றவர்களும் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்களும்தான் இருப்பார்கள். இரண்டாமவரை எழுப்பினால் வசவு நிச்சயம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கதவுகள் அதிகம் திறக்கும், ஆனால் அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருக்கும். நவம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடுகிறது. எட்டு மணிக்கு மேல், கோட்டு போட்ட இரண்டு அந்நியர்கள் வாசலில் நின்றால், திறக்கும் முகத்தில் முதலில் தெரிவது பயம். ஆகவே எட்டோடு புதுக் கதவுகளை நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தை முன்பே 'வாங்க' என்று சொன்னவர்களுக்குக் கொடுப்பதுதான் சரி. எட்டே முக்காலுக்குத் தட்டச் சொன்னது உற்சாகமே தவிர அனுபவம் அல்ல.

மனம் தளராமலிருப்பது என்பதைப் பெரும்பாலும் ஜெபத்தோடும் பாட்டோடும் சேர்த்துப் பேசுகிறார்கள். அவை வேண்டும்தான். ஆனால் மனம் முதலில் தளர்வது காலில். இரண்டு ஜோடி ஷூ இருக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற. நனைந்ததற்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், ஆனால் ஹீட்டர்மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும். குதிகால் சிவக்கும்போதே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும், உரியும்வரை காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுத் தெருவை முடிக்கிற ஜோடிகள் ஏழு மணிக்கு ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். அதைப் பலர் விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பசி.

அடுத்தது வாசல். மணி அடித்ததும் இரண்டடி பின்னால் வந்து, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நின்றால், திறக்கிறவருக்குத் தெரு தெரியும், அடைத்து நிற்கிறார்கள் என்ற எண்ணம் வராது. பெயர், எதற்கு வந்தோம் என்று ஒரு வரி, அவ்வளவு போதும். 'வேண்டாம்' என்றால் நன்றி சொல்லி, வெளிக்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்தக் கொண்டியை வலியுறுத்திச் சொல்கிறேன். திறந்து கிடக்கும் கேட்டைப் பார்க்கிற வீட்டுக்காரர், அடுத்த முறை வரும் ஜோடியிடம்தான் கோபப்படுவார். அடுத்த வீட்டுக்குப் போகும் பத்தடிக்குள் முந்தைய வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அந்தக் கசப்பு அடுத்த மணிச் சத்தத்தோடு குரலில் ஏறிவிடும். கதவுக்குக் கதவு பேசுகிறவர் மாறிக்கொள்ள வேண்டும். ஒருவரே ஐந்து மறுப்புகளை வரிசையாக வாங்கினால் ஆறாவதில் மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடுகிறது.

பதிவும் முக்கியம். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் வருகிறது, ஜோடிகள் கலைகின்றன. 'இனி வராதீர்கள்' என்ற வீட்டைக் குறித்து வைக்காவிட்டால் புதியவர்கள் அதே மணியை அடிப்பார்கள். பழைய கோபம் புதியவர்மேல் விழும், அவர் தன்னிடம் ஏதோ குறை என்று எண்ணிக்கொள்வார்.

இத்தனையும் செய்தால் சின்னவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார். ஏனென்றால் அந்த ஊரே ஒரு கதை. 1837 ஜூலையில் சபையின் அப்போஸ்தலர் ஹீபர் கிம்பால் அமெரிக்காவிலிருந்து இதே பிரெஸ்டனுக்கு வந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1840 மார்ச்சில் ஹெரிஃபோர்ட்ஷையரில் ஜான் பென்பவின் பண்ணைக்குப் போன இன்னொரு அப்போஸ்தலர் வில்ஃபர்ட் உட்ரஃப் சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்தார். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையன், வாரக் கணக்கில் சைபரை எழுதும்போது எங்கே பார்ப்பான்? தன்னைத்தான்.

ஆனால் அந்த அறுவடைகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிம்பால் பிரெஸ்டனில் முதலில் பேசியது உள்ளூர்ப் போதகர் ஜேம்ஸ் ஃபீல்டிங்கின் தேவாலயத்தில். அவருடைய தம்பி ஜோசஃப் கனடாவில் சபையில் சேர்ந்து, கிம்பாலோடு கப்பலேறி வந்தவர். உட்ரஃபைப் பென்பவின் வீட்டுக்குக் கூட்டிப்போனவர் பென்பவின் சகோதரர் வில்லியம். அங்கே ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த ஒரு ஜெபக் குழு காத்திருந்தது. இரண்டு இடத்திலும் கதவைத் திறந்தது உறவு. முன்பின் தெரியாத வீட்டு மணியை அடித்து வந்த பலன் அல்ல அது. இன்று சபையே தெரிந்தவர் மூலம் போவதைத்தான் அதிகம் ஊக்குவிக்கிறது. மழையில் நிற்கும் பையனுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சீனியருக்கும் இருபது வயதுதான் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறேனோ? அவருக்கும் யாரும் சொல்லவில்லை. 2013இல் சபை வெளியிட்ட கையேடு மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து, எந்த நிலையில் உதவி கேட்க வேண்டும் என்று சொல்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம். அதற்கு முன்பு கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும்தான். இவை உண்மையான ஆறுதல்கள். ஆயினும் அந்த வாராந்திர வீடியோ அழைப்பில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'நான் ஆரஞ்சில் இருக்கிறேன்' என்று சொல்வது எளிதல்ல. 'நல்ல வாரம்மா' என்றுதான் வாயில் வரும்.

எட்டு மணிக்கு நிறுத்துங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். திறக்காத கதவுகளைப் பற்றியும் வாய்விட்டுப் பேசுங்கள் என்பேன். சீனியர் அன்றைக்கு "ஆமாம், பெரும்பாலும் திறக்காது. நாளைக்கும் போவோம்" என்று சொல்லியிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்கும். அந்த நேர்மை சின்னவரைத் தாங்கியிருக்குமா, அங்கேயே உட்கார வைத்திருக்குமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த வீட்டு மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவில் அந்த எண்ணுக்கு எதிரே சின்னவர் கையாலேயே ஏறிய குறிப்பு: 'பதில் இல்லை. மறுபடி வரலாம், பகலில்.'